வரைபடத்தில் போட்ட கோடு

(பி.ஏ. வரலாறு, 1979–82 அணி)



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "சார், ஹாஸ்டல் அனுபவம் மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றியும், வார்டன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இரண்டாம் ஆட்டம் போன கதையையும் என் அறைத் தோழர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதனால் ஒரு ஐந்து மார்க் கேள்வியைப் பற்றி எழுதுகிறேன்.

1981ஆம் வருஷம், இரண்டாம் ஆண்டு மாதிரித் தேர்வு. "பாக் நீரிணைப் பகுதியின் வரைபடம் வரைந்து, 1974ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி அமைந்த கடல் எல்லையைக் குறிக்க" என்று ஒரு கேள்வி. நான் ஸ்கேலைப் பிடித்து அழகாக ஒரு கோடு போட்டு, கச்சத்தீவை அந்தப் பக்கம் தள்ளி, ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் பாம்பனைச் சேர்ந்தவன். அவன் கோடே போடவில்லை. எங்கே பார், எங்கே சேறு, எந்த மாதத்தில் எங்கே இறால் என்று குறித்து, ஓரத்தில் வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று நான்கு காற்றையும் அம்பு போட்டுக் காட்டியிருந்தான். பேராசிரியர் முட்டை போட்டார். விடைத்தாள் கொடுத்த அன்று "ஏம்ப்பா, எல்லை எங்கே?" என்று கேட்டார். "சார், அது ராத்திரியில தெரியாது சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அவன் சொன்னது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. இன்று செய்தித்தாளைத் திறந்தால் சிறப்புப் பொருளாதார மண்டலம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், உயர் பாதுகாப்பு வலயம் என்று பக்கத்துக்குப் பக்கம் மண்டலம்தான். "இங்கிருந்து இதுவரை ஒரு சட்டம், அதைத் தாண்டினால் வேறு சட்டம்" என்பதே இவை எல்லாவற்றுக்கும் பொருள். அப்படிப் போட்ட கோடுகள் ஒரு கடலையும் அதன் கரை மனிதர்களையும் என்ன செய்தன என்பதற்கு, நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் விடத் தெளிவான பாடம் இல்லை.

மண்டபம்: ஒரு முகாமின் மூன்று பிறவிகள்

1982 ஜனவரியில் நம் துறை சார்பில் ராமேஸ்வரம் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது பாம்பனைக் கடக்க ரயிலை விட்டால் வழி கிடையாது. சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தார்கள். மண்டபம் தாண்டும்போது ஜன்னல் வழியே வரிசை வரிசையாகப் பழைய கட்டடங்கள் தெரிந்தன. "அதுதாண்டா கேம்ப்" என்று நண்பன் காட்டினான். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பாலம் எப்போது வரும் என்பதிலேயே எல்லாருக்கும் குறி!

அந்த முகாம் முதலில் வெள்ளைக்காரன் காலத்துத் தொற்றுத்தடுப்பு முகாம். இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஜனங்களை அங்கேதான் நிறுத்திவைத்தார்கள். காலரா, அம்மை, பிளேக் தோட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது என்ற பயம். சில நாள் வைத்திருந்து, அம்மை குத்தி, துணிமணியை ஆவியில் காட்டி, பிறகு கப்பலேற்றுவார்கள். இந்திய மண்ணில் இருந்தும் அதை நடத்தியது இலங்கை நிர்வாகம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓட ஆரம்பித்த பிறகு இதுவே பிரதான வழி. போட் மெயிலில் முதல் வகுப்பில் போகிற துரைமாருக்கு இந்த முகாம் வாசம் கிடையாது. ஒரே கடல், ஒரே கப்பல். ஆனால் யார் நின்று போக வேண்டும், யார் நிற்காமல் போகலாம் என்பதை முகாமின் வேலி தீர்மானித்தது.

1939இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. 1948இல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று பங்கு பிரித்தார்கள். கணக்கு போட்ட மேசையில் அந்த ஜனங்களில் ஒருவர்கூட இல்லை. பாட்டனார் போன அதே வழியில் பேரன் திரும்பி வந்தான். மண்டபம் தாயகம் திரும்பியோரை வரவேற்கும் முகாம் ஆனது. அது இரண்டாம் பிறவி. அந்த ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியையே விழுங்கிவிட்டது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதுவும் ஒரு கோடுதான். ஆனாலும் அதற்குள் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் மூன்றாம் பிறவி. படகுகளில் வந்து இறங்கிய ஈழத் தமிழர்களுக்கு மண்டபம் அகதி முகாம். 2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்து, பால் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று சலித்துப்போனவர்கள் மறுபடி தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்கள். அவர்களையும் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள்.

2021இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றது. நல்ல காரியம்தான். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை என்பது சட்டம். ஆகவே முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, நம் பேச்சையே பேசி வளர்ந்து, தனக்கே பிள்ளை பெற்ற பிறகும் பலர் காகிதத்தில் வெளிநாட்டவர். வேலியைப் பிடுங்கினாலும் கோடு போகாது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

தண்ணீரில் போட்ட கோடு

இனி அந்த ஐந்து மார்க் கேள்விக்கு வருவோம். பாக் விரிகுடாவில் முத்து, சங்கு, மீன் யாருக்கு என்ற பேச்சு பழையது. 1921இலேயே சென்னை மாகாண அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் கொழும்பில் உட்கார்ந்து எல்லை பேசியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் யூனியன் ஜாக் கொடி பறந்தவரை அது வெறும் அலுவலகச் சிக்கல். இரண்டும் தனித்தனி நாடுகள் ஆனபின்தான் கனம் கூடியது.

1974 ஜூனில் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. ஆனால் இந்திய மீனவர்களும் யாத்ரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று ஐந்தாவது பிரிவு சொன்னது. இரு நாட்டுக் கலங்களுக்கும் பரம்பரையாக இருந்த உரிமைகள் தொடரும் என்றது ஆறாவது பிரிவு. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் கரை இந்தியாவுக்கு உறுதியானது. அதோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று முடிந்தது. வலை உலர்த்தப் போகலாம், மீன் பிடிக்கக் கூடாது! கடலில் பிழைப்பவனுக்கு இதை எப்படி விளக்குவது?

ஆனால் கோட்டை மட்டும் குற்றம் சொன்னால் வரலாறு ஆகாது. அதே காலத்தில்தான் இன்னொரு மாற்றம் நடந்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து விசைப்படகும் இழுவை மடியும் பாக் விரிகுடாவுக்கு வந்தன. வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை. கடன் கொடுத்தார்கள், மானியம் கொடுத்தார்கள். இழுவை மடி அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டு போகும். குஞ்சு, முட்டை, பாசி எதையும் விடாது. நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கைகலப்பு, வலை அறுப்பு என்று ஆனது. அதைத் தீர்க்க வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பகிர்ந்துகொண்டார்கள். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றது.

இப்போது வரைபடத்தை மறுபடி பாருங்கள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் கடலே குறுகல். கரைப் பக்கம் விசைப்படகுத் தடைக் கோடு, எதிர்ப்பக்கம் சர்வதேச எல்லைக் கோடு, தெற்கே மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவின் கோடு. இவற்றுக்கு நடுவில் மிஞ்சுகிற கீற்றில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் எங்கே இழுக்கும்? மானியத்தைக் கொடுத்ததும் அரசுதான், கோடுகளைப் போட்டதும் அரசுதான். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. படகு மட்டும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அந்தக் கரையின் கதை

எங்கள் தலைமுறைக்கு இந்தக் கரையின் கதைதான் தெரியும். அந்தக் கரையிலும் தமிழன்தான் வலை போடுகிறான் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

போர்க் காலத்தில் வட இலங்கை மீனவருக்குக் கடலே தடை செய்யப்பட்ட வலயம் ஆனது. எப்போது போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எஞ்சின் வைக்கலாமா என்பதெல்லாம் ராணுவ உத்தரவு. பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் மாட்டிக்கொண்ட மயிலிட்டி ஒரு காலத்தில் பேர்பெற்ற மீன்பிடித் துறைமுகம். 1990இல் ஜனங்கள் கட்டின துணியோடு வெளியேறினார்கள். துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்தது 2017இல். இருபத்தேழு வருஷம்! வெளியேறிய போது கைக்குழந்தை, திரும்பியபோது பிள்ளைகுட்டிக்காரன். கடலில் நிற்கத் தெரியாத மீனவன்.

அவர்கள் இல்லாத அந்தக் கடலில் நம் படகுகள் தொழில் செய்து பழகிவிட்டன. சுடப்பட்டும் செத்தார்கள், பிடிபட்டும் சிறையில் கிடந்தார்கள். ஆனாலும் அங்கே மீன் இருந்தது. 2009இல் போர் முடிந்து அந்தக் கரை மீனவர்கள் சிறு படகோடும் செவுள் வலையோடும் திரும்பி வந்தபோது, நம் இழுவை மடிகள் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போயின. கடன் வாங்கிப் போட்ட வலை ஒரே ராத்திரியில் போனது. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். நம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகிற வழக்கத்தால், அந்த இரவுகளில் வலை போட அங்குள்ளவர்கள் பயப்படுகிறார்கள். இங்கே நாட்டுப்படகுக்காரரைக் காப்பாற்ற நாமே பேசி வைத்த ஏற்பாடு, அங்கே எந்த நாள் அடுப்பு எரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு கோடு தன் இடத்தோடு நிற்பதில்லை. அதன் நிழல் எங்கேயோ விழுகிறது.

பச்சைக் கோடு

கடலைக் காப்பாற்றவும் கோடு போட்டார்கள். 1986இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா. 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். வேண்டியதா என்றால் கண்டிப்பாக வேண்டியது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்ததில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன. தேர்வில் 21 என்று எழுதினால் மார்க் கிடைக்கும். தண்ணீருக்கு மேலே தேடினால் கணக்கு குறையும்.

ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள் கரையோரப் பெண்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பவர்கள். பாட்டி காலத்துத் தொழில். கண்காணிப்பு இறுகியதும் அத்துமீறி நுழைபவர்கள் என்று ஆனார்கள். அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தாங்களே பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, பாசி வளரும் காலத்தில் கடலில் இறங்குவதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி தீர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பது தாங்கள்தான் என்று தெரிந்தவர்கள் போட்ட கோடு அது. காவலுக்கு ஆள் தேவைப்படவில்லை.

கடல் அட்டையின் கதை நேர்மாறு. 2001இல் இந்தியா அதை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அட்டைக்கும். எதிர்க்கரையிலோ உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஒரே கடலின் ஒரே அட்டை, கோட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் டாலர். நடுவில் கடத்தல் முளைக்காமல் என்ன செய்யும்? இடையில் 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. சூடான தண்ணீர் பூங்காவின் எல்லைப் பலகையைப் படித்துவிட்டு வருவதில்லை. 2022இல் வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரில் ஆவுளியா எனும் கடற்பசுவுக்கு ஒரு காப்பகம் அறிவித்திருக்கிறார்கள். வலையில் மாட்டும் கடற்பசுவை அறுத்து விடுவது மீனவன் கையில் இருக்கிறது. அவனைச் சேர்த்துக்கொண்டால் அது நிலைக்கும்.

நண்பன் சொன்னது

இரண்டு வருஷத்துக்கு முன் பாம்பன் போயிருந்தேன். நண்பனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவன் மகன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, சில மாதம் உள்ளே இருந்து திரும்பியிருந்தான். ஆள் வந்துவிட்டான், படகு வரவில்லை. அந்தக் கரையில் மணலில் கிடந்து மட்கிக்கொண்டிருக்கிறது. கடன் மட்டும் இங்கே வட்டியோடு வளர்கிறது.

"கச்சத்தீவைத் திரும்ப வாங்கிட்டா எல்லாம் சரியாயிடுமா மாப்ளே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தீவைச் சுத்தி என்னடா மீன் இருக்கு? எல்லாத்தையும் நாமளே வழிச்சு எடுத்துட்டோமே. மடி இழுத்தது நாமதான். அவன் வலை கிழிஞ்சா அவன் பிள்ளையும் நம்ம பிள்ளை மாதிரி பட்டினிதானே கிடக்கும். ஆனா மடியை விட்டுட்டு நான் எதைப் பிடிக்கிறதுன்னு மட்டும் எவனும் சொல்ல மாட்டேங்கிறான்" என்றான். இழுவைப் படகுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரைப் படகு என்று 2017இல் மானியத் திட்டம் வந்தது. 80 லட்ச ரூபாய் படகு, மூன்று வார அலைச்சல். ஒரு ராத்திரியில் போய்த் திரும்பிப் பழகியவனுக்கு அது வேறு தொழில், வேறு வாழ்க்கை.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் நாளை கலெக்டர் ஆகலாம், வன அலுவலர் ஆகலாம், கம்பெனிக்கு நிலம் அளக்கலாம். கோடு போடாமல் நாடு நடக்காது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதைப் போடும் மேசையில் யார் இல்லை? நேற்று வரை இங்கே பிழைத்தவனுக்கு நாளைக் காலையில் என்ன பெயர்: கள்ளக்கடத்தல்காரனா, அகதியா, அத்துமீறியவனா? போகாதே என்று சொன்ன கையோடு, எங்கே போவது என்று சொன்னோமா?

வேலையில் இருந்த கடைசிப் பத்து வருஷமும் அந்த வரைபடக் கேள்வியை நான் மாற்றித்தான் கேட்டேன். எல்லைக் கோடு போட்டால் இரண்டரை மார்க். அந்தக் கோட்டின் இரு பக்கமும் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று குறித்தால் மீதி இரண்டரை. என் நண்பனுக்கு 1981இல் கிடைத்திருக்க வேண்டிய இரண்டரை அது.

சந்திப்பை மே மாதத்தில் வைத்ததற்கு மலர்க் குழுவுக்கு நன்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். "கட்டாயம் வர்றேண்டா, கருவாடு கொண்டாறேன்" என்று போனில் சொல்லியிருக்கிறான். இந்த ஒரு கோடாவது எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கட்டும்.